யாருக்கு இந்த மெழுகுவர்த்தி?

பர்மாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு என் கணவரிடமிருந்து ஒரு வரி வரவில்லை. ரங்கூனில் அரிசி மில்லில் அவருக்கு வேலை. அங்கிருந்து காட்டு வழியே நடந்து தப்பி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், அவரைக் காய்ச்சலோடு ஒரு மரத்தடியில் பார்த்ததாகச் சொன்னார். அப்புறம்? அப்புறம் தெரியாதாம். அவரே பாதி உயிராக வந்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்குத் தன் மகனுக்கும் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்றார் மாமியார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உயிரோட இருக்கிறவருக்கா அத்தே கல்லறையில வெளக்கு வைப்பீங்க?"

"செத்திருந்தான்னா? உத்தரிக்கிற ஸ்தலத்துல எம்புள்ள வெந்துக்கிட்டுக் கெடக்கணுமா ஆத்தா?"

பாவக்கறை தீரும்வரை ஆத்துமாக்கள் வேகும் இடம் அது. அவர்களைக் கரையேற்ற இங்கே இருப்பவர்களின் செபம் வேண்டும். பழைய கத்தோலிக்க ஊரான ஆவூரில் பிறந்த எனக்கு அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. கூட்டிய வாசலையே திரும்பக் கூட்டினேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

வாத்தியார் வேலை பார்க்கும் கொழுந்தனார் சமாதானம் பண்ண வந்தார். "அம்மாவுக்கு அண்ணன் இல்ல, ஒங்களுக்கு இருக்காரு. அவங்கவங்க நம்புறதுதான் அவங்கவங்களுக்கு உண்மை, அண்ணி. ரெண்டும் சரிதான்."

"ஒங்க அண்ணன் எங்க நம்பிக்கையிலயா மூச்சு விடுறாரு தம்பி? நான் நம்புனா மூச்சை இழுத்து, அத்தை நம்புனா விட்டுருவாரா?"

மாமியார் முதல் தடவையாக என் பக்கம் சேர்ந்தார். "இருந்தா இருக்கான், இல்லாட்டி இல்ல. அதுல என்னடா ரெண்டு?"

உண்மை ஒன்றுதான் என்று இருவருமே நினைத்ததால்தான் எங்களுக்குள் சண்டையே. ஆண்டவர் எல்லாம் அறிந்தவர் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்தபோது அது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. இப்போது ஜெபமாலையைக் கையில் எடுத்தால் ஒரே கேள்விதான் வந்தது. தெரிந்தவர் சொல்லித் தொலைத்தால் என்ன?

திருநாளன்று மாமனார் கல்லறைக்குப் பக்கத்து வெறுந்தரையில் மாமியார் ஒரு மெழுகுவர்த்தியை நட்டு ஏற்றினார். சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தார். அவர் கிட்டே வருமுன் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். குனிந்தேன். அந்த நேரம் பார்த்து வாடைக்காற்று அடித்து, சுடர் படுத்தது. என் கை என்னைக் கேட்காமலே அதற்கு மறைப்பாகப் போய் நின்றது. ஒருவேளை அவர் அந்த மரத்தடியிலேயே போய்ச் சேர்ந்திருந்தால்?

"இது யாருக்கு?" என்றார் சாமியார்.

மாமியார் என்னைப் பார்த்தார்.

"எம் புருஷனுக்கு சாமி. ஆளு இருக்காரா இல்லையான்னு தெரியலைங்க."

"ஆண்டவருக்குத் தெரியும்" என்று தண்ணீரைத் தெளித்துவிட்டு அவர் அடுத்த கல்லறைக்குப் போனார்.

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். வருடங்கள் ஓடி, மாமியாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. தாலியை நான் கழற்றவில்லை. வருடா வருடம் அந்த மெழுகுவர்த்தியையும் வைக்கிறேன். ஆண்டவருக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வந்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.