முனிப் பாறைக்குப் பின்னால்

டாக்டர் என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். "பொண்ணு சமீபத்துல மலைப்பக்கம் எங்கயாச்சும் போனாளாம்மா? உடம்புல எங்கயாச்சும் கறுப்பா பொருக்குத் தட்டுன மாதிரி இருக்கா?"

இரண்டுக்கும் "இல்லைங்க சார்" என்றேன். இரண்டும் பொய். அப்போது என் மகளுக்குக் காய்ச்சல் வந்து ஏழாவது நாள். நூற்று நாலுக்குக் கீழே இறங்கவே இல்லை. 'அம்மா' என்று கூப்பிட வாய் திறப்பாள், பாதியிலேயே நின்றுவிடும். பெற்றவள் ஒருத்தி அந்த நிலையில் எப்படிப் பொய் சொன்னாள் என்று கேட்டால், அதற்கு ஒரு மலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பெருநாள் முடிந்த வாரம். என் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். அவருடைய அக்கா, அரியலூரில் வாழ்க்கைப்பட்டவர், பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். லெப்பைக்குடிக்காட்டிலேயே அடைந்து கிடக்கிறோமே என்று ஒரு வேன் பிடித்து, அரும்பாவூர் தாண்டிப் பச்சைமலை அடிவாரத்துக்குப் போனோம். பாறை இடுக்கில் கொஞ்சமாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அதுவே பெரிய அருவி.

பக்கத்தில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடித்து, முன்னால் துருப்பிடித்த சூலம் நாலைந்து நட்டிருந்தார்கள். வேன் ஓட்டி வந்த தம்பிக்கு அரும்பாவூர்தான் சொந்த ஊர்.

"அது முனிப் பாறைங்கம்மா. முனி ஒத்தக் காலை மலை உச்சியிலயும் ஒத்தக் காலை இங்கயும் வச்சு நிப்பாரு. அந்தப் பக்கம் மட்டும் போயிராதீங்க" என்றார்.

"உங்க முனி ரேஷன் கார்டுல எங்க பேரு இல்ல தம்பி. எங்கள விட்டுருவாரு" என்று சிரித்தேன். நாத்தனாரும் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் என் மகள் ஒதுங்க வேண்டும் என்றாள். தண்ணீர்ப் பக்கம் பூராவும் ஆம்பளைப் பையன்கள். மறைவுக்கு அந்தப் பாறையை விட்டால் வேறு இடம் இல்லை. நானேதான் பின்பக்கம் அனுப்பினேன். துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு காவலுக்கு நின்றேன். முழங்கால் உயரப் புல். திரும்பி வரும்போது "புல்லு அரிக்குதும்மா" என்று இடுப்பைச் சொறிந்துகொண்டே வந்தாள்.

அப்படி ஒதுங்கப் போகும்போது ஷைத்தான்களின் தீங்கிலிருந்து பாதுகாவல் கேட்டு ஓதுகிற துஆ ஒன்று உண்டு. அவள் நடக்கப் பழகிய நாளிலிருந்து அதை நினைவுபடுத்தாமல் நான் இருந்ததில்லை. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மறந்துபோனேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் ராட்சதர் பேச்சுத்தான். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குழியில் முறம் அகலத்துக்கு நத்தை மாதிரிச் சுருண்ட கல் கிடைக்கும். நாத்தனார் வீட்டில் ஒன்று வைத்திருக்கிறார். கடல் நத்தை கல்லாகிவிட்டது என்று படித்தவர்கள் சொல்வதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

"ஆது கூட்டம்னு வேதத்துல வருதுல்ல, பனை மர உசரம் இருந்தவங்க. அவங்க பொம்பளைங்க காதுல போட்டிருந்த வளையம்டி அது" என்றார்.

"அத மாட்டுனா கழுத்து ஒடிஞ்சிருக்குமே மாமி" என்றாள் என் மகள்.

"உனக்கு ஒடியும். அவங்களுக்கு ஒடியுமா?"

நானும் என் பங்குக்குச் சொன்னேன். எங்களை விடப் பலசாலி யார் என்று அந்தக் கூட்டம் கேட்டதும், ஹூது நபி சொல்லியும் கேளாமல் அவர்கள் பெருங்காற்றில் வேரோடு சாய்ந்ததும், அவர்களுக்குப் பின்னால் மலையைக் குடைந்து வீடு கட்டிய சமூது கூட்டம் ஒரே சத்தத்தில் அழிந்ததும். ஆள் இல்லாத மலையில் ஜின்கள் குடியிருக்கும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போதே எனக்கு முதுகில் என்னவோ ஊர்ந்தது. பாறைக்குப் பின்னால் அவளை அனுப்பியவள் நான்தானே.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. உள்ளூர் டாக்டர் கொடுத்த மாத்திரையில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிடும்போது பார்த்தேன். பைஜாமா நாடாவுக்குக் கீழே, தொடை மடிப்பில், மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வட்டம். பீடியை வைத்து அணைத்த மாதிரி இருந்தது. "வலிக்குதாம்மா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். வலிக்காத சூடு எங்கேயாவது உண்டா?

நாத்தனாருக்குப் போன் போட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

"சுட்டிருக்கு. மலையில இருந்தது சுட்டிருக்கு."

"அக்கா, அன்னிக்கு நான் துஆவ..."

"வாயத் தொறக்காத. ரெண்டு மாசத்துல நிக்காஹ். துபாய்ல இருந்து மாப்பிள்ளை டிக்கெட் போட்டாச்சு. ஜின்னு பட்ட பொண்ணுன்னு ஒரு சொல்லு வெளிய போச்சு, முடிஞ்சிது. நீயும் நானும் பாத்தோம், அதோட போவட்டும்."

பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வரவழைத்து ஓதிப் பார்த்தோம். தண்ணீர் ஓதிக் கொடுத்துவிட்டு அவர் தெளிவாகச் சொன்னார்: "ஓதுறத நான் விடாம ஓதுறேன். ஆனா இது ரொம்ப நாள் காய்ச்சல்மா. வைத்தியம் பாக்குறதும் நபி வழிதான். பெரம்பலூருக்குக் கொண்டு போங்க." அவரிடமும் அந்த அடையாளத்தைச் சொல்லவில்லை.

அப்படித்தான் பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் கேட்ட அந்த இரண்டு கேள்விக்கும் இல்லை என்றேன். ஒரு சிஸ்டர் வந்து, "உடம்ப ஒரு தடவை முழுசாப் பாத்துடுறேங்க" என்றார். "நான் பாத்துட்டேன் சிஸ்டர், ஒண்ணும் இல்ல. வயசுப் பொண்ணு" என்று போர்வையை இழுத்துவிட்டேன். ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை. ஒவ்வொரு 'இல்லை'யும் வரும்போது என் பயத்துக்கு அது சாட்சி சொல்வது போலவே இருந்தது. மனுஷ நோயாக இருந்தால் மெஷினில் தெரிந்திருக்குமே என்று நினைத்தேன். ஜின் பட்டதற்கு டாக்டர் மாத்திரை எப்படிப் போய்ச் சேரும்? காட்டினால் மானம்தான் போகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தால் எழுந்திருக்க மனம் வரவில்லை. யா அல்லா, மறந்தது நான், என்னைப் பிடி என்று அழுதேன்.

மறுநாள் காலையில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி, காலில் சர்க்கரைப் புண். கூட இருந்த மருமகள் அரும்பாவூர்க்காரர், காட்டு வேலை செய்கிறவர். எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து கொடுத்தார். நாத்தனார் பல் துலக்கப் போன நேரம் பார்த்து மெல்லக் கேட்டேன்.

"உங்க ஊர்ப் பக்கம் ஒரு முனிப் பாறை இருக்காமே. அது ஆளுங்கள அடிக்குமாங்க?"

"எங்க முனியா?" அந்தம்மா டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏங்க, ஆடு மேய்க்கிறவ, புல்லு அறுக்கிறவ எல்லாம் அது பின்னாடிதாங்க ஒதுங்குறோம். மறைவுக்கு வேற எங்க போறது? அடிக்கிறதா இருந்தா எங்க ஊருல ஒரு பொம்பள மிஞ்சியிருக்க மாட்டா."

"பெரிய உருவம்னு சொன்னாங்களே."

"பெருசுதான். ஒத்தக் கால் உச்சியில, ஒத்தக் கால் அடியில. அம்மாம் பெரிய ஆளுக்கு நம்ம பக்கம் குனிஞ்சு பாக்கவே நேரம் இருக்காதுங்க."

அப்போது டிரிப்ஸ் மாற்ற அந்தச் சிஸ்டர் வந்தார். கழுத்தில் சின்னதாகச் சிலுவை. பேச்சு காதில் விழுந்திருக்கிறது. "என்ன, ராட்சதன் கதையா? எங்க சர்ச்சுலயும் போன ஞாயித்துக்கிழமை அதான் ஓடுச்சு. ஆண்டவர் தர்றேன்னு சொன்ன நாட்டுக்கு மோசே பன்னெண்டு பேர வேவு பாக்க அனுப்புனாரு. பத்துப் பேரு திரும்பி வந்து, அங்க இருக்கிறவன் எல்லாம் ராட்சதன், அவனுங்க முன்னால நாம வெட்டுக்கிளி மாதிரின்னு ஊரையே கலங்கடிச்சிட்டாங்க."

"எங்களுக்கும் அந்தக் கதை இருக்கு சிஸ்டர். மூசா நபி. ஆனா நான் கேட்டது வேற மாதிரி. பாத்தத வெளிய சொல்லாதீங்கன்னு நபி சொல்லித்தான் அனுப்புனாரு. பத்துப் பேரு சொல்லிட்டாங்க. ரெண்டு பேருதான் மறைச்சாங்க. மறைச்சவங்கதான் நல்லவங்க."

கடைசி வார்த்தையை நான் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். நாலு நாளாக என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது அதுதான்.

சிஸ்டர் ஊசிக் குழாயைச் சுண்டிக்கொண்டே சொன்னார்: "யாருகிட்ட மறைச்சாங்க? சனங்ககிட்ட. மூசாகிட்டயுமா மறைச்சாங்க? அனுப்புனவரே அவருதானே. அவருகிட்ட பன்னெண்டு பேரும் சொல்லித்தானே ஆகணும்?"

சீட்டில் எதையோ குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கு அது பேச்சோடு பேச்சு. என் கையிலிருந்த டீயில் ஆடை கட்டிவிட்டது.

டாக்டர் வரும்போது நாத்தனாரும் வந்து நின்றுவிட்டார். டாக்டர் சீட்டைப் பார்த்தார், அவள் கண்ணை விலக்கிப் பார்த்தார். "ரத்தத்துல பிளேட்லெட் இறங்கிட்டே போவுது. கிட்னியும் கெட ஆரம்பிச்சிருச்சு. எதனாலன்னு பிடிபடல. மதியத்துக்குள்ள திருச்சிக்கு அனுப்பிடுறேன். வழியில என்ன வேணா ஆகலாம், அதையும் சொல்லிடுறேன்."

அந்த நேரம் பார்த்து என் மகளின் வலது கை போர்வைக்குள் அசைந்தது. மெல்ல மெல்ல இடுப்புப் பக்கம் போனது. நான் சட்டென்று அந்தக் கையைப் பிடித்து அமுக்கினேன். கை கொதித்தது. அவள் இழுத்தாள், நான் விடவில்லை. நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் திரும்பி நடந்தார். நாலு எட்டு போயிருப்பார்.

"சார்!" என் குரல் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். "நேத்து ரெண்டு பொய் சொல்லிட்டேன் சார். மலைக்குப் போனா. கறுப்பா ஒண்ணு இருக்கு."

"ஏய்!" என்றார் நாத்தனார்.

சிஸ்டர் ஓடி வந்து தடுப்புத் துணியை இழுத்தார். அவர்தான் முதலில் பார்த்தார், பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். ஒரு நொடிதான். டாக்டர் மூச்சை இழுத்து விட்டார்.

"இதத்தானேம்மா நேத்துக் கேட்டேன்?"

"ஜின்னு சுட்டதுன்னு நெனச்சேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்குத் துஆ செய்கிறேன். "உண்ணிக் காய்ச்சல். மலைப் புல்லுல இருக்கிற பூச்சி. கண்ணுக்கே தெரியாது, ஊசி முனையை விடச் சின்னது. கடிச்ச இடம் இப்படித்தான் கறுக்கும், வலிக்காது" என்றவர் சிஸ்டரிடம் மருந்துப் பெயர் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்குள்ள இறங்கணும். இறங்கலைன்னா திருச்சிதான். இவ்வளவு தள்ளிப் போனதுக்கு அப்புறம் நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார்.

நாத்தனார் பையைத் தூக்கிக்கொண்டு அரியலூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். "வார்டு பூரா ஒப்பாரி வச்சிட்ட. இனிமே உன் பாடு" என்றது மட்டும் காதில் விழுந்தது. அந்த ஒரு நாள் நான் தெர்மாமீட்டரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. நூற்று நாலு. நூற்று மூணரை. மறுபடி நூற்று நாலு. அரும்பாவூர் அம்மா தன் முனியிடம் வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் என் ரப்பிடம் கேட்டேன். மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு நூற்றுக்கு இறங்கியது. அவள் நெற்றி வேர்த்திருந்தது. அந்த வேர்வையை நான் துடைக்கவே இல்லை.

ஜின் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வேதத்தில் இருக்கிறது, நம்புகிறேன். ஆது கூட்டம் இருந்ததையும் நம்புகிறேன். ஆனால் என் மகளைக் கடித்தது அவர்கள் யாரும் இல்லை. அவளைச் சாவு வரைக்கும் கொண்டு போனதில் பூச்சிக்குப் பாதிப் பங்கு, எனக்குப் பாதிப் பங்கு.

வீட்டுக்கு வந்த மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். "என்ன காய்ச்சலாம்?" என்றார். மலையில் ஒதுங்கப் போனதிலிருந்து நான் ஜின் என்று நினைத்தது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். "எங்க வூட்டுல ஒருத்திக்கு வந்திருந்தாலும் நானும் இதத்தான் பண்ணியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். நிக்காஹ் சொன்ன தேதியில் நடந்தது. நாத்தனார் வந்தார். என்னிடம் பேசவில்லை, பிரியாணி மட்டும் நல்லா இருக்கு என்றார்.

மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கஞ்சி ஊட்டும்போது ஆரம்பித்தேன். "டாக்டருகிட்ட நான் மொதல்ல..."

"தெரியும்மா. நீ இல்லைங்க சார்னு சொன்னப்ப எனக்கு காது கேட்டுச்சு. காட்டலாம்னு மறுநாள் கைய எடுத்தேன். நீ புடிச்சுக்கிட்ட."

நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். அவளே எடுத்து மீதிக் கஞ்சியைக் குடித்தாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது துபாயில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் வீடியோவில் வருவாள். எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. எப்படி இருக்கிறாய் என்பாள், நல்லா இருக்கேன் என்பேன்.

"வாயால சொல்லாத. மெஷின காட்டு" என்பாள்.

நான் எழுந்துபோய்ச் சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து வந்து, எண் தெரிகிற மாதிரி போனுக்கு முன்னால் பிடித்துக் காட்டுவேன்.