நீல அட்டை, சிவப்பு அட்டை

கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலையத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே தண்டவாளங்கள் பனிமூட்டத்தில் பாதியிலேயே கரைந்துபோகின்றன. சுவரில் சத்தமில்லாமல் ஓடும் தொலைக்காட்சியில் ஜெர்மன் நாடாளுமன்றம் தெரிகிறது. வெளிநாட்டுக்குப் படை அனுப்பலாமா என்று வாக்கெடுப்பு. உறுப்பினர்கள் தண்ணீருக்கடியில் நடப்பவர்களைப் போல வந்து, தங்கள் பெயர் அச்சிட்ட அட்டையைப் பெட்டியில் போடுகிறார்கள்.

“நீலம் எண்டால் ஓம், சிவப்பு எண்டால் இல்லை,” என்கிறார் கடைக்கார அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். “என்ர மகன் இஞ்ச ஆமியில.”

“கட்சி சொல்றதத்தானே போடுவாங்க, அக்கா?”

“மனச்சாட்சிப்படி போடலாம் எண்டு சட்டமே இருக்கு, தம்பி. ஆர் எதைப் போட்டது எண்டு பேரோட வெளியில விடுவினம். என்ர பிள்ளையை ஆர் அனுப்பினது எண்டு நான் பாப்பன்.”

தேநீரை என் பக்கம் நகர்த்துகிறார்.

“நீங்கள் இந்தியாவே?”

“ஆமாம்க்கா.”

“உங்கட ஆமி எங்கட ஊருக்கு வரேக்க நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அப்ப உங்கட பாராளுமன்றத்தில ஆர் நீலம் போட்டது?”

அவர் குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். திரையில் அட்டைகள் இலைகளைப் போல விழுந்துகொண்டே இருக்கின்றன. எண்பத்தேழில் அப்படியொரு வாக்கெடுப்பு நடந்ததா என்றே எனக்குத் தெரியாது; ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. என் ரயில் வந்து நின்று, நானில்லாமலே பனிக்குள் போகிறது.