இடது ஓரத்துப் பக்கங்கள்

ஸ்கேனரில் ஒரு தாளை வைத்து மூடியை அழுத்திக்கொண்டிருந்தபோது தனபால் சாரின் மனைவி சரோஜா அம்மாளின் அழைப்பு வந்தது. "டீச்சர், சார் போய்ட்டாரு" என்றார். குரலில் அழுகை இல்லை. "நேத்து பேச்சு நின்னுது. காலையில மூச்சும் நின்னுடுச்சி. சொந்த ஊருக்கு, ஆலங்காயத்துக்கு எடுத்துக்கினு போறோம். மாடிக்கு வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க." போனை வைத்துவிட்டு, எதிரே காத்திருந்தவர்களிடம் சொன்னேன். எல்லோர் கண்ணும் கணினித் திரையின் இடது ஓரத்துக்குப் போனது. அங்கே ஒட்டியிருக்கும் சிவப்புத் தோல் பட்டையின் கதை அவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தனபால் சார் எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். நான் அங்கே அறிவியல் நடத்தினேன். ஓய்வுபெற்ற பிறகு இருவரும் ஆம்பூர் பஜாரில் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் மாடி அறைக்குப் போகத் தொடங்கினோம். கீழே ஷூவுக்கான பசையும் சோலும் விற்கும் கடை. அந்த வாசனை படியேறி வந்துவிடும். அறையில் ஒரு கணினி, ஒரு ஸ்கேனர். ஓய்வூதியத் தாள்களுக்காக வாங்கியவை. நாளடைவில் ஷூ கம்பெனிப் பெண்களும் அணைக்கட்டு ஊர் விவசாயிகளும் தேடி வர ஆரம்பித்தார்கள். எந்த அலுவலகமும் இப்போது காகிதத்தைக் கையில் வாங்குவதில்லை. எல்லாப் பக்கங்களையும் வரிசைப்படுத்தி ஒரே கோப்பாக இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலும் திரும்பி வந்துவிடும்.

அந்த வேலை சாருக்கு வெல்லமாக இனித்தது. மென்பொருளைத் திறந்தால் ஸ்கேன் செய்த பக்கங்கள் சிறு சிறு படங்களாக, காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகள் போல வரிசை வரிசையாகத் தெரியும். வேண்டியதை மவுஸால் இழுத்து இழுத்துப் புதுக் கோப்பில் சேர்ப்பார். தலைகீழாக நிற்கும் பக்கத்தைப் பார்த்து, "இன்னாடா, காலையிலயே சிரசாசனமா? நேரா நில்லு" என்பார். ஒருமுறை யாருடைய ரேஷன் அட்டையோ நடுவில் புகுந்துவிட்டது. "இவன் வேற ஸ்கூல் பையன். அனுப்பு வெளிய" என்றார். காத்திருந்தவர்கள் கவலையை மறந்து சிரித்தார்கள்.

எப்படி இவ்வளவு சீக்கிரம் சரிபார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "கிரவுண்டுல கத்துக்கினதுதான் டீச்சர். ரெண்டு ஓரத்தையும் பாருங்க. ஓரம் ரெண்டும் சரியா நின்னா நடுவுல இருக்கறவன் தானா சரியா நிப்பான்" என்றார்.

பர்வீன் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைப்பவர். கணவருக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அதற்குக் காப்பீட்டு அனுமதி வேண்டும். சார்தான் கோப்பைத் தயாரித்தார். சில நாளில் பர்வீன் திரும்பி வந்தார். "பேப்பர் கம்மியா இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க சார்."

"கம்மியா? நான் போட்ட லைன்ல எவனும் கம்மியா இருக்க மாட்டான்" என்று சிரித்துக்கொண்டே மறுபடி செய்து கொடுத்தார். அதுவும் திரும்பி வந்தது. இந்த முறை பர்வீன் உட்காரவில்லை. "வூட்டுக்காரரு நெஞ்சைப் புடிச்சிக்கினு படுத்திருக்காரு. நீங்க இங்க பரேடு நடத்தறீங்க. முடியலன்னா சொல்லிடுங்க சார், வேற எடம் பாக்கறேன்" என்றார். யாரும் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சார் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

நான் கோப்பைத் திறந்து தாள் கட்டோடு ஒப்பிட்டேன். டாக்டரின் பரிந்துரைக் கடிதம் முதல் பக்கம். அதையே காணோம். நடுவிலும் சில பக்கங்கள் இல்லை. சோம்பலில் விடுபட்டது போல இல்லை. ஏதோ ஓர் ஒழுங்கு தெரிந்தது. தாள்களைத் திரையில் நிற்கும் வரிசைப்படியே மேசையில் பரப்பினேன். விடுபட்ட ஒவ்வொரு பக்கமும் ஒரு வரிசையின் இடது ஓரத்தில் இருந்தது.

இயந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்தேன். அப்படி நினைக்கவே விரும்பினேன். சோதனை செய்யும்போது ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். செடி வாடினால் தண்ணீரையும் வெயிலையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். அதனால் பக்கங்கள் தெரியும் கட்டத்தின் அகலத்தை மட்டும் குறைத்தேன். வரிசைகள் கலைந்து, முன்பு நடுவில் நின்ற பக்கங்கள் ஓரத்துக்கு வந்தன. சார் மேலே வந்ததும், "இன்னொரு தரம் சேர்த்துக் கொடுங்கள்" என்றேன். சேர்த்தார். முன்பு எடுத்த சில பக்கங்களை இப்போது விட்டுவிட்டார். புதிதாக இடது ஓரத்துக்கு வந்த பக்கங்கள் அவை.

வகுப்பில் சோதனை சரியாக வந்தால் கைதட்டுவோம். அன்று கட்டத்தின் அகலத்தைப் பழையபடி மாற்றி வைத்தேன்.

அதற்குமுன் பார்த்தும் பார்க்காமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. அவர் முகத்தில் இடது கன்னம் மட்டும் மழிக்காமல் இருந்த நாட்கள். ஸ்கூட்டரின் இடப்பக்கம் முழுக்கக் கீறல்கள். எங்கள் அறைக் கதவு அவர் நாற்காலிக்கு இடப்புறம். வணக்கம் சொல்லியும் திரும்பாமல் இருந்தவரைப் பற்றி, "சாருக்குத் தலைக்கனம் ஜாஸ்தி ஆயிடுச்சி" என்று சிலர் என்னிடமே குறைப்பட்டிருக்கிறார்கள். சரோஜா அம்மாளிடம் போனில் மெதுவாகக் கேட்டேன். "தட்டுல பாதியை அப்டியே வெச்சிட்றாரு டீச்சர். ஏன்னு கேட்டா, 'தீர்ந்துடுச்சே, இன்னும் போடு'ன்றாரு. தட்டைத் திருப்பி வெச்சா மீதியைச் சாப்புட்றாரு. வெளையாடறாருன்னு நெனச்சேன்" என்றார்.

அவரிடம் சொன்னபோது கோபப்பட்டார். "டீச்சர், நான் எடுத்தேன். எல்லாத்தையும் எடுத்தேன். நீங்க எதையோ அழிச்சிட்டு என்னைச் சொல்றீங்க." நான் வாதாடவில்லை. அவர் முகவாயைப் பிடித்து, சின்னப் பிள்ளையைத் திருப்புவது போல, இடப்பக்கம் திருப்பினேன். திருப்பிக்கொண்டே போனேன். திரையின் இடது ஓரம் அவர் கண்ணில் பட்டது. ஓரத்துப் பக்கத்தைத் தொட்டு, "இவன் எப்ப வந்து நின்னான்?" என்று கேட்டார்.

பர்வீனின் கோப்பை அன்றே நான் சரிசெய்து ஏற்றினேன். அனுமதி வந்தது. இப்போது அவர் கணவர் நலமாக இருக்கிறார். சாரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். தலையை ஸ்கேன் செய்தார்கள். மூளையின் வலப்பக்கத்தில் கட்டி. கண்ணில் குறையில்லை, கண் பார்க்கிறது, மூளை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே பக்கம் திரும்பிப் பாடம் நடத்தும் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்துப் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டேதான் இருப்பார்கள். கட்டியை முழுதாக எடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். முடிந்த அளவு எடுத்தார்கள்.

முடி முளைக்காத தலையோடு அவர் மறுபடி மாடிக்கு வந்தார். பார்வை விட்டுப்போகும் ஓரத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கோடு வைத்து, அது தெரியும் வரை தலையைத் திருப்பிப் பழக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பர்வீன் கம்பெனிக் கழிவிலிருந்து சிவப்புத் தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, நீளமாக வெட்டி, கீழ்க்கடைப் பசையாலேயே திரையின் இடது ஓரத்தில் ஒட்டினார். "லேடீஸ் ஷூ தோல் சார். வெளிநாட்டுக்குப் போவுது. ஒங்களுக்கு இங்கயே" என்றார். "அன்னிக்கு என்னைப் பேஜார் பண்ணிட்டு இன்னிக்கு ஷூ மாட்டறியா?" என்று சார் சிரித்தார். பர்வீன் சிரிக்கவில்லை. துப்பட்டா நுனியால் பட்டையின் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டையை வைத்துக்கொண்டு அவர் வேலை செய்தார். ஒவ்வொரு வரிசைக்கும் சிவப்பு தெரியும் வரை திரும்புவார். "ஆங், வந்துட்டியா" என்பார். பிறகுதான் மவுஸை நகர்த்துவார். ஒரு பக்கமும் விடுபடவில்லை. தன் ஆஸ்பத்திரித் தாள்களையும் அவரே ஸ்கேன் செய்து, அவரே சேர்த்தார். நான் சரிபார்த்தேன், எல்லாம் இருந்தன. அவர் தேறிவிடுவார் என்று எங்களுக்கு ஆசை வந்துவிட்டது.

பிறகு ஒரு காலை. வரிசையின் நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், அந்தச் செவப்பை எவன் பிச்சான்?"

பட்டை அங்கேயேதான் இருந்தது. வெயில் விழுந்து நன்றாக மின்னியது. காத்திருந்தவர்கள் அதையும் அவரையும் பார்த்தார்கள். நான் பதில் சொல்வதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. கையை நீட்டித் தடவினார். விரல்கள் தோலைத் தொட்டன. கண்கள் அங்கே போகவில்லை. தொட்டதை அப்படியே கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். "இருக்குது" என்றார். கணினியை முறைப்படி அணைத்தார். "இனிமே நீங்க பாத்துக்குங்க. ரெண்டு ஓரமும்" என்று சொல்லிவிட்டு, கூட வந்திருந்த சரோஜா அம்மாளின் தோளைப் பிடித்துப் படியிறங்கினார். அதன் பிறகு மாடிக்கு வரவில்லை. பார்க்கப் போன நாங்கள் எல்லோரும் அவர் வலப்பக்கமே உட்காரக் கற்றுக்கொண்டோம்.

ஆலங்காயத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோதும் கூட்டம் முழுக்க வலப்பக்கமே நெருக்கிக்கொண்டு நின்றது. யாரும் சொல்லவில்லை, பழக்கம். பர்வீன் மட்டும் கணவரோடு சுற்றிப் போய் இடப்பக்கம் நின்றார்.

சாரின் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். இரண்டு ஓரத்தையும் பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. சிவப்புப் பட்டையையும் எடுக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் அது என்னவென்று கேட்டால், சாருக்காக வைத்தது என்று மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு காலையும் கணினியைத் திறந்ததும், பக்கங்களைப் பார்ப்பதற்கு முன் சிவப்பைத் தேடுகிறேன். அது கண்ணில் பட்ட பிறகுதான் முதல் ஆளைக் கூப்பிடுகிறேன்.