வெளியே பூட்டு, உள்ளே நான்

நேற்று என் மகள் தன் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அம்மா, ஆறு மணி வரைக்கும் தராதேங்கோ. அழுதாலும் தராதேங்கோ." அடுத்த மாதம் அவளுக்குப் பரீட்சை. ஐந்தேகாலுக்கே வந்து அழாக்குறையாகக் கேட்டாள். குடும்ப வியாதி.

எனக்கு அந்த வயதில் கைத்தொலைபேசி இல்லை, கடல் இருந்தது. யுத்த காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் நானும் வசந்தியும் இருந்தோம். கணக்கியல் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டிருந்தேன். இந்த முறையும் தவறினால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வா என்று அப்பா எழுதிவிட்டார். நானோ புத்தகத்தைத் திறந்ததும் காற்று வாங்கக் கிளம்புகிற ஆள். ஆகவே வசந்தி மருதானைக்கு வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகும்படி நானே கேட்டேன். குளியலறை உள்ளேயே இருந்தது, பயப்படாதீர்கள்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்க, பொலிஸ் சோதனைக்கு வந்தது. வெளியே பூட்டு, உள்ளே நான் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

யன்னலில் ஒரு சார்ஜன்டின் முகம். "நங்கி, யாரு பூட்டினது?" நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

"சினேகிதி. நான்தான் பூட்டச் சொன்னனான். படிக்கிறதுக்கு."

"பிஸ்ஸு" என்றார் பக்கத்துக் கான்ஸ்டபிளிடம். பைத்தியமாம். பிழையாகச் சொல்லவில்லை.

ஆனால் கொழும்பில் தங்கும் தமிழர் கட்டாயம் காட்டவேண்டிய பொலிஸ் பதிவுத்தாள், எங்களுடையது, வசந்தியின் கைப்பையில் இருந்தது. தாள் இல்லையென்றால் ஸ்டேஷன். அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாத நாட்கள் அவை. வீட்டுச் சொந்தக்காரர் வசந்தியின் கந்தோருக்குப் போன் எடுத்தார். அவள் வரும்வரை சார்ஜன்ட் யன்னலடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, "படி" என்றார். அந்த ஒரு மணித்தியாலம் படித்ததுபோல நான் வாழ்க்கையில் படித்ததில்லை.

வசந்தி ஓட்டோவில் வந்து இறங்கி, பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். பதிவுத்தாளோடு அவளுடைய பரீட்சை அனுமதி அட்டையும் விழுந்தது. அவளும் அதே பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தாள். எனக்குத் தெரியும், மறந்தே போயிருந்தேன்.

சார்ஜன்ட் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கும் சோதினையா? அப்ப உங்கள யாரு பூட்டுறது?"

எல்லோரும் சிரித்தோம். தப்பிவிட்ட சந்தோஷத்தில் நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

பெறுபேறு வந்தபோது என் இலக்கம் இருந்தது, அவளுடையது இல்லை. "பரவாயில்லையடி, ஒராளாவது பாஸ் பண்ணிட்டம்" என்றாள்.

அந்த வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். பதிவுத்தாள், சோதனை எல்லாம் போய்விட்டன. போனதில் எனக்குத் துக்கமில்லை. வசந்தியும் வெளிநாடு போனாள், கடிதங்கள் குறைந்து நின்றே போயின. அதுதான் வலிக்கிறது. அந்த நாட்களில் பின்னேரங்களில் அவள் களைத்து வந்து, சமைத்து, அடுப்படியில் நின்றபடியே என்னிடம் பாடத்தில் கேள்வி கேட்பாள். "நீ எப்பயடி படிக்கப்போறாய்?" என்று நான் ஒருநாளும் அவளைக் கேட்கவில்லை.