ஒரு மணி நேர இடைவெளி

எங்கள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரின் நான்கு நிறப் பேனா இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மருந்து போட்ட நேரத்தைப் பச்சையில்தான் எழுத வேண்டும். நீலத்தில் எழுதினால் மருந்து ஷீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத வைப்பார். அந்த அம்மாளை 'அவர்' என்று மரியாதையாக எழுத எனக்கு மனமே வரவில்லை. பழக்க தோஷத்தில் எழுதுகிறேன்.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூர் வந்து நர்ஸ் வேலை பார்த்த காலம் அது. பொம்மசந்திரா தொழிற்சாலை ஒன்றில் கால் நசுங்கிய ஒரு கிருஷ்ணகிரிக்காரர் எங்கள் வார்டில் கிடந்தார். புண்ணில் இருந்த கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியாமல் ரத்தத்திலும் கலந்துவிட்டது. பெரிய டாக்டர் இரண்டு மருந்துகளைச் சேர்த்து எழுதினார். ஒன்று கிருமியின் கையைக் கட்டிப்போட வேண்டும், அந்த நேரத்தில் மற்றது அடிக்க வேண்டும், தனித்தனியாகப் போட்டால் இரண்டுமே வீண் என்று என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார். அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும்.

இன்சார்ஜ் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வார்டு வழக்கப்படி ஒரு ஆன்டிபயாடிக் ஏறி முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது. உடம்பு தடித்தால் எந்த மருந்தால் என்று தெரிய வேண்டுமாம்.

"டாக்டருங்க இன்னிக்கி வருவாங்க, நாளைக்கிப் போவாங்க. வார்டு என்னுது. கேப் வுட்டுப் போடு."

டாக்டர் கத்தக் கூடாது என்பதற்காக ஷீட்டில் மட்டும் இன்சார்ஜே இரண்டுக்கும் ஒரே நேரத்தைப் பச்சையில் எழுதினார். சொன்னபடியே இடைவெளி விட்டு ஏற்றிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டவள் நான்.

நான்கு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஷீட்டைப் புரட்டிய டாக்டர், சேர்த்துப் போட்டும் கேட்கவில்லையே என்று உதட்டைப் பிதுக்கி, அந்த மருந்துகளையே நிறுத்திவிட்டார். டைமுக்குத்தான் போட்டோம் சார் என்று இன்சார்ஜ் பக்கத்தில் நின்று பவ்யமாகச் சொன்னார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். எனக்கு என் வேலை பெரிதாகப் போயிற்று. மருந்தை நிறுத்திய மூன்றாம் நாள் அந்த மனிதர் இறந்தார்.

இப்போது நான் வைட்ஃபீல்டில் வேறொரு மருத்துவமனையில் இருக்கிறேன். சேர்த்துப் போடும் மருந்துகளை யாரிடமும் விடாமல் நானே நின்று ஏற்றுகிறேன். அந்த அம்மாள் ஓய்வு பெற்று மகன் வீட்டில் சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. சௌக்கியமாக இருக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன், சொல்ல வெட்கமில்லை. ஆனால் என் வயிற்றெரிச்சல் அவரோடு நின்றுவிடுவதில்லை. உடலை வாங்க வந்த அன்று, இறந்தவரின் மனைவி இன்சார்ஜைக் கும்பிட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேளா வேளைக்கு மருந்து போட்டீங்க சிஸ்டர். அவருக்குத்தான் குடுத்து வெக்கல."

நான் தலையாட்டினேன்.