ஒரு பாலத்தின் தூரத்தில் என்னைச் சொல்வது

தன்னைப் பற்றித் தானே எடுத்துச் சொல்வது நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அழகில்லை என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். யாராவது கேட்டால் இன்னாருடைய பெண், இன்னாருடைய மாட்டுப்பெண், இந்த வீதி என்று சொன்னால் போதும். மீதியைக் கேட்டவர்களே விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். ஸ்ரீரங்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தும் வந்தது.

என் கணவர் மறைந்து ஓராண்டு நிறைந்தபோது எனக்கு நாற்பத்தேழு வயது. அவர் நடத்திய டியூஷன் சென்டர் அவரோடு நின்றுபோயிருந்தது. பெங்களூரிலிருந்த என் அண்ணா, மாடியில் ஓர் அறையை ஒழித்து வைத்திருப்பதாகவும், கோடை விடுமுறை முடிவதற்குள் வந்துவிடும்படியும் அன்போடு சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய்விட்டால், எங்களோடு வசித்த என் நாத்தனாரால் அந்த வாடகை வீட்டைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் மணம் செய்துகொள்ளவில்லை; ஏதாவதொரு மகளிர் விடுதிக்குத்தான் போக வேண்டியிருக்கும். எனக்கு வேலை கிடைத்தால் இருவரும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அவள் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேப்பரில் வரும் பள்ளி விளம்பரங்களைக் கத்தரித்து, என் கண்ணாடிக் கூட்டின் அடியில் வைப்பாள். அவ்வளவுதான்.

முதல் நேர்காணல் நகருக்குள் இருந்த ஒரு பள்ளியில். என்னைப் பற்றி ஒரு நிமிடம் சொல்லச் சொன்னார் தலைமையாசிரியை. அப்பா தமிழாசிரியராக இருந்ததையும், மாமனாரின் கோயில் கைங்கரியத்தையும், என் கணவர் பதினெட்டு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்திய விதத்தையும், அவரிடம் படித்தவர்கள் இன்று எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார் பெரிய மனுஷர்னு தெரியுது. நீங்க அங்க என்ன பண்ணீங்க?” என்றார். கூடமாட ஒத்தாசையாக இருந்தேன் என்றேன். காபி கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

மாலையில் நடந்ததைச் சொன்னபோது நாத்தனார் முதலில் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். பிறகு முடியவில்லை.

“மன்னி, அவா தேடினது வேலைக்கு ஒரு ஆளை. நீங்க வம்சத்தையே கூட்டிண்டு போயிருக்கேள்.”

டியூஷன் சென்டரின் பின்னறையில் நான் செய்ததை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். ஆறாம் வகுப்புக்கு வந்த பின்னும் எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளைகளைக் கணவர் என்னிடம் அனுப்புவார். அவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக்கொள்வேன். பாடப்புத்தகத்தைத் தொடமாட்டேன். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர், மருந்துக்கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை என்று அவர்கள் கண்ணில் அன்றாடம் படுவதிலிருந்து தொடங்குவேன். சில மாதங்களில் வாசித்துவிடுவார்கள். இதை ஒரு வேலையென்று அதுவரை யாரும் சொன்னதில்லை, நான் உட்பட.

அதன்பின் தினமும் காலையில் அவள் அலுவலகம் போகும் பஸ்ஸில் நானும் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது என்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாலத்தைவிட்டு இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்பது அவள் ஏற்பாடு. பேச்சில் உறவினர் யாராவது நுழைந்தால் முழங்கையால் இடிப்பாள். முதல் வாரம் முழுவதும் இடி வாங்கினேன். அப்பாவும் மாமனாரும் ஒருவழியாக விலகினார்கள். என் கணவர் மட்டும் ஏதாவதொரு வாக்கியத்தில் வந்து நின்றார். அவரை விட்டுவிட்டுச் சொன்னால், அவர் உருவாக்கியதை நான் அபகரித்துக்கொள்வதுபோல் இருந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

அவள் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவர் ஒரே அண்ணா.

“அண்ணாவை நான் பார்த்துக்கறேன் மன்னி. நீங்க உங்களைச் சொல்லுங்கோ.”

மறுநாள் சொன்னேன். பாலத்தின் பாதியிலேயே முடிந்துவிட்டது. முசிறி பஸ் பிடிப்பதற்காகப் பையோடு முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் திரும்பி, நான் எந்தப் பள்ளியில் இருக்கிறேன் என்று விசாரித்தார். ஏழாவது படிக்கும் அவர் மகன், வாசிக்கச் சொன்னால் கொல்லைப்பக்கமாக ஓடிவிடுகிறானாம். எனக்கு இன்னும் பள்ளி எதுவும் கிடைக்கவில்லை என்றேன். கிடைத்ததும் சொல்லும்படி என் செல்போன் எண்ணை வாங்கிக்கொண்டார். நாத்தனார் அன்று என்னை இடிக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நேர்காணல் கே.கே. நகரில் ஒரு பள்ளியில். அங்கும் அதே கேள்விதான் வந்தது.

“ஆறாவது வந்தும் வாசிக்க முடியாத பிள்ளைகளை வாசிக்க வைப்பேன். ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளை. பதினெட்டு வருஷமாச் செஞ்சிருக்கேன். உங்க பள்ளியிலயும் அப்படிச் சிலர் இருப்பாங்க. அவங்களை என்கிட்டக் குடுங்க.”

சொல்லிவிட்டு நிறுத்தினேன். அந்த நிறுத்தம்தான் கடினமாக இருந்தது. இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துவிட நாக்கு துடித்தது. தாளாளர் பேனாவை மூடிவிட்டு, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். பிள்ளையைப் பார்க்காமல் சொல்ல இயலாது என்றேன். அப்படியானால் திங்கள்கிழமை வந்து பாருங்கள் என்றார்.

முதலில் ஓராண்டு ஒப்பந்தமாகத்தான் எடுத்தார்கள். இப்போது மூன்றாம் ஆண்டு நடக்கிறது. ஆசிரியர் அறையில் என் கணவரைப் பற்றி யாராவது கேட்டால் சொல்கிறேன், நிறையவே சொல்கிறேன். பெங்களூரில் என் அண்ணாவின் மாடியறையில் அவர் பேத்தி உட்கார்ந்து படிக்கிறாள். ஸ்ரீரங்கத்து வீட்டில் நாத்தனாரும் நானும் இருக்கிறோம்.