ஜெயந்தி மடித்த வயர்கள்

செய்தி வந்தபோது என் கம்ப்யூட்டரின் பக்கத் தகடு கழற்றிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, பிரஷ்ஷால் உள்ளே இருந்த வெள்ளைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன். நம் விளக்குப் பூஜைக் குழுத் தலைவி போன் செய்தார். "ஜெயந்தி போயிட்டாங்க. நெஞ்சு வலின்னு கடலூருக்குக் கொண்டு போனாங்களாம். வழியிலயே முடிஞ்சிடுச்சி." போனை வைத்த பிறகும் பிரஷ் என் கையில்தான் இருந்தது. அழுகை பிறகுதான் வந்தது. அதற்கு முன் ஒரு நினைப்பு வந்தது: இந்த வயரை அவள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். இந்தத் தடவை நன்றாக மடித்திருந்தேன். அவள் குறை சொல்ல முடியாதபடி மடித்திருந்தேன்.

குழுவின் ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கு ஏற்றுகிறவர்கள், நெருங்கிய சிநேகிதிகளாக இருப்பார்கள் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அவள்மேல் பொறாமை. அது அவளோடு போய்விடும் என்று பார்த்தேன், போகவில்லை. என்னைவிடச் சின்னவள் என்பதால், உரிமையோடு 'அவள்' என்றே எழுதுகிறேன்.

ஜெயந்தி ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து, ஜங்ஷன் ரோட்டில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். மிஷின் படுத்துக்கொண்டால் நெய்வேலியிலிருந்து மெக்கானிக் வர வேண்டும். இன்று வருகிறேன் என்பார், வர மாட்டார். பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே திறந்து கற்றுக்கொண்டாள். நானும் அப்படித்தான். மகன் காலேஜுக்குப் போகும்போது தன் பழைய கம்ப்யூட்டரை எனக்கு விட்டுப்போனான். பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, வீட்டுக் கணக்கையும் குழுவின் கணக்கையும் அதில் ஏற்றினேன். ஒரு பைசா இடித்தாலும் எனக்குச் சோறு இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கு பத்திரமாக இருக்க வேண்டுமே என்றுதான் பெட்டியையே திறக்கக் கற்றேன். இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் ஊர் கூப்பிட்டது அவளை மட்டும்.

பெட்டியைத் திறந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹார்டு டிஸ்க்கையும் சி.டி. டிரைவையும் மதர்போர்டு என்கிற பலகையோடு இணைப்பது அகலமான பட்டை வயர். சாம்பல் நிறத்தில் இருக்கும், ஓர் ஓரம் மட்டும் சிவப்பு. சாம்பல் புடவைக்குச் சிவப்புக் கரை வைத்த மாதிரி. அதற்கு மூன்று வாய்கள்: ஒன்று பலகைக்கு, மற்ற இரண்டும் டிரைவுகளுக்கு. சிவப்புக் கரை கரண்டு வயர் குத்தும் பக்கமாக வர வேண்டும். திருப்பிக் குத்தினால் டிஸ்க் இருப்பதே மிஷினுக்குத் தெரியாது. குத்துவதை யாரும் பழகிவிடலாம். அவ்வளவு அகலமான வயரைச் சின்னப் பெட்டிக்குள் எங்கே படுக்க வைப்பது என்பதுதான் பாடு.

ஒரு பிரதோஷத்தன்று பெரிய கோயிலிலிருந்து விபூதியோடு வீடு திரும்பினேன். காலையில் ஆன் ஆகாத கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதன் முன்னால் உட்கார்ந்து, தன் பீங்கான் பியூஸ் கட்டைக் கம்பெனிக்குப் பில் அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு பார்த்தது?"

"ஜெயந்தியக் கூப்ட்டேன். நீ கோயில்ல இருந்த. பத்து நிமிஷத்துல முடிச்சிட்டுப் போயிடுச்சி அந்தப் பொண்ணு."

"நான் வந்து பார்த்திருக்க மாட்டனா?"

"நீயும் பார்ப்ப. அதுக்குள்ள சரக்கு ஏத்துற லாரி வேப்பூரத் தாண்டிடும்."

விபூதியைக்கூட வைக்காமல், அவர் எழுந்ததும் தகட்டைக் கழற்றினேன். ஏதாவது குறை இருக்கும் என்று பார்த்தேன். பட்டை வயர் தகரச் சுவரை ஒட்டியே போய், மூலையில் ஒரே ஒரு மடிப்பு மடிந்து, இஸ்திரி போட்ட கொசுவம் மாதிரி டிரைவில் போய் உட்கார்ந்திருந்தது. மிச்சக் கரண்டு வயர்களை மேலே டிரைவ் மாட்டாமல் காலியாக இருந்த அறைக்குள் செருகியிருந்தாள். காற்றை இழுக்கும் பேனுக்கு எதிரே ஒரு வயர்கூட இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்தேன், நானே அதைவிட நன்றாகச் செய்வேன் என்று. மூன்று மடிப்பு வந்தது, தகடு மூடவில்லை. அவர் சாப்பிட வந்தபோது நான் முழங்காலால் தகட்டை அழுத்திக்கொண்டிருந்தேன். "நல்லாத்தான இருந்துச்சி?" என்று மட்டும் கேட்டார். நான் முழங்காலை இன்னும் அழுத்தினேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குத் தாம்பூலம் வாங்க ஜெயந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் வேண்டுமென்றே தகட்டைத் திறந்து வைத்து, சந்தனம், குங்குமம் இட்டிருந்தேன். உள்ளே வயர்களையெல்லாம் சேர்த்து, பூக்கட்டும் வாழைநாரால் வரிசையாக முடிச்சுப் போட்டிருந்தேன். பார்க்கட்டுமே என்றுதான். குனிந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"என்னக்கா, கம்ப்யூட்டருக்கு மால கட்டிட்டீங்களா?"

"இறுக்கமா இருக்குதா இல்லையா, அதப் பாரு."

"இறுக்கமாத்தான் இருக்குது. காத்து போற வழியில கட்டிப் போட்டுட்டீங்களே. இந்த ஊரு மாவு சும்மா வுடுமா? நாலு நாள்ல இட்லி ஊத்தலாம்."

செராமிக் எஸ்டேட்டின் களிமண் தூசி நுழையாத இடம் நம் ஊரில் இல்லை. அவள் சொன்னபடியே அந்தக் கட்டு முழுவதும் வெள்ளையாகிவிட்டது. நாரும் காய்ந்து அறுந்தது. அன்று போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். "வயரு இழுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாதுக்கா. பொறந்த வூட்டுக்குப் போற பொண்ணு மாதிரி. போயிட்டு வர்ற அளவுக்கு வுடணும்." இவ்வளவு அழகாக எனக்குச் சொல்ல வராது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

பிறகு கணக்குகளுக்காக இரண்டாவது டிஸ்க் வாங்கி, சி.டி. டிரைவைக் கழற்றிவிட்டு அந்த வாயில் மாட்டினேன். மாட்டியதும், இருந்த டிஸ்க்கும் சேர்ந்து காணாமல் போனது. அவளிடம் நேராகக் கேட்க வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை பூஜையில், திரியைத் திரித்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"எங்க சொந்தக்காரங்க ஒருத்தவங்க வூட்டுல ரெண்டாவது டிஸ்க் போட்டாங்களாம். ரெண்டுமே தெரியலையாம்."

அவள் எண்ணெய் ஊற்றுவதை நிறுத்தவில்லை. "ரெண்டும் நாந்தான் பெரியவன்னு நிக்குதுன்னு அந்தச் சொந்தக்காரங்ககிட்ட சொல்லுங்கக்கா. ஒண்ண ரெண்டாவதா வெக்கணும். டிஸ்க்குப் பின்னாடி ஜம்பர்னு இத்துனூண்டு மூடி குத்தியிருக்கும், அத மாத்திக் குத்தணும்." அடுத்த விளக்குக்கு ஊற்றிக்கொண்டே, "அவங்களக் கண்ணாடி போட்டுக்கிட்டுச் செய்யச் சொல்லுங்க" என்றாள். அன்று நான் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தேன்.

நம் ஊரில் மனக்குறை இருந்தால் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுவோம் இல்லையா? அந்த வாரம் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. ஆனால் என்னவென்று எழுதுவது? 'முருகா, இவள் என்னைவிட நன்றாக வயர் மடிக்கிறாள்' என்றா? சாமி கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அவள் போன பிறகு, கருமாதிக்கு முன்பு அவள் வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். "அக்கா, அவ தனியா நிக்கிற போட்டோ ஒண்ணுகூட இல்ல. இருக்கறது எல்லாம் அவ கம்ப்யூட்டர்லதான். அது ஆன் ஆவ மாட்டங்குது. பெருசு பண்ணணும்னா நாளைக்குள்ள குடுக்கச் சொல்றான் ஸ்டூடியோக்காரன்." இந்த வேலைக்காக என்னைத் தேடி ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. அது அவள் வீட்டிலிருந்தா வர வேண்டும்?

அவரோடு அவள் கடைக்குப் போனேன். அவளுடைய சொந்தப் பெட்டிக்குத் தகடே இல்லை. பட்டை வயர் பிழிந்துபோட்ட துணி மாதிரி முறுக்கிக் கிடந்தது. ஹார்டு டிஸ்க் பெட்டிக்கு வெளியே, மடித்த துண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றின் மேலும் மாவுத் தூசி. "மூடவே மாட்டா. யாரு கழட்டிக் கழட்டி மாட்டுறதுன்னுவா" என்றார் அவர். உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். அது நிற்கவில்லை. எந்த வயர் எங்கே போகிறது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்திருக்கிறது. அந்த ஒழுங்கெல்லாம் நமக்காகச் செய்து தந்தது, அவளுக்கு அது தேவைப்படவே இல்லை. எனக்கு இன்றும் தேவைப்படுகிறது. அங்கேயே நின்று மறுபடியும் பொறாமைப்பட்டேன்.

கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டியில் கருகிய வாடை அடித்தது. டிஸ்க்கை மட்டும் அந்தத் துண்டிலேயே சுற்றி, பூக்கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஜம்பரை மாற்றிக் குத்தினேன். பட்டை வயரின் நடு வாயில் இருந்த என் இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அவளுடையதை மாட்டினேன், சிவப்புக் கரை கரண்டு பக்கம். என்னுடையது முதலாவது, அவளுடையது இரண்டாவது. கொஞ்ச நேரம் அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு திரையில் அவள் டிஸ்க் தெரிந்தது. அப்போதுதான் அழுதேன்.

அதில் ஊரார் படமெல்லாம் இருந்தது. பாஸ்போர்ட் சைஸ், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து. அவளைக் காணோம். கடைசியில் நம் குழு விளக்குப் பூஜையில் எடுத்த படம் அகப்பட்டது. நேராகப் பார்த்து, அரைச் சிரிப்போடு ஜெயந்தி. பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நான். என்னை நானே அந்தப் படத்திலிருந்து வெட்டினேன். முழுவதும் போகவில்லை. இன்னும் வெட்டினால் அவள் தோள் போய்விடும்.

கருமாதிக்கு நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள். நான் கட்டிய மாலையோடு படம் இருந்தது. நம்மில் ஒருவர் சொன்னார், "எவ்ளோ லட்சணமா இருக்குது பாருங்க. அவளே எடுத்து வெச்சிருப்பா. அவளுக்குத்தான் இதெல்லாம் கை வரும்." தண்ணீர்ச் செம்போடு அங்கே நின்றிருந்தேன். சாவு வீட்டில் என்ன சொல்வது? ஆகவே இங்கே எழுதுகிறேன். அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தது நான். இடது ஓரத்தில் தெரிகிற பச்சைக் கரை என் புடவை.

டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தபோது, அவளுடைய ஸ்குரு டிரைவரை ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொன்னார் அவள் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். என்னிடம் இருப்பது அதைவிட நல்லது.

நான் ஞாபகமாக வைத்திருப்பது வேறு. இப்போது என்னையும் ஒன்றிரண்டு வீடுகளில் கூப்பிடுகிறார்கள். இழுக்காமல், தொங்காமல் வயரை மடிக்கிறேன். காற்றுக்கு வழி விடுகிறேன். தகட்டை மூடுவதற்கு முன்னால் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறேன், ஜெயந்தி குனிந்து பார்க்கட்டும் என்று. ஏதாவது ஒரு குறை அவளுக்கு அகப்பட்டுவிடுகிறது. தகட்டைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் பிரிக்கிறேன்.